துப்பாக்கி வாரின் கொளுத்து

என் கணவருக்கு என்னைவிடத் துப்பாக்கியின் மேல்தான் பிரியம் என்று அந்த மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பாதி கேலி, பாதி எரிச்சல். காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் படுத்திருப்பவளைப் பார்க்காமல் சுவரில் தொங்கும் ரைபிளைப் பார்க்கிற மனிதரோடு குடும்பம் நடத்தினால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து மூன்று மணி நேரம் நடந்து ஏறினால் எங்கள் தோட்டம். கிராம்பும் ஏலமும் போட்டிருந்தார்கள். முதலாளி திருவனந்தபுரத்தில் இருந்தார். மேலே எல்லாம் மானேஜர்தான். தோட்டத்துக் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காக ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். அதில் நான் டீச்சர். என் கணவர் தோட்டத்தின் காவல்காரர்.

யுத்தத்தில் பர்மா எல்லை வரை போய் வந்தவர் அவர். ஒன்பது வருஷப் பட்டாளம். திரும்பி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரே ஒரு பெருமையும் கொண்டு வந்தார். பட்டாளத்தில் இருந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூடத் துப்பாக்கியைக் கீழே போட்டதில்லை என்பதுதான் அந்தப் பெருமை. ஆற்றைக் கடக்கும்போதும் போடவில்லையாம், காய்ச்சலில் நடுங்கியபோதும் போடவில்லையாம். கல்யாணமான முதல் வாரத்திலேயே இதை நான் நான்கு முறை கேட்டுவிட்டேன். "ஒம்பது வருஷமும் அதைக் கட்டிக்கிட்டே உறங்கினியளா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல், "ஆமா" என்றார்.

தோட்டத்து ரைபிள் முதலாளியுடையது. ஆனால் லைசென்ஸில் இவர் பெயரும் இருந்தது. இவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது மானேஜரின் கண்டிப்பான உத்தரவு. கிராம்பு பறிக்கிற மாதங்களில் விடிந்தும் விடியாமலும் பெண்கள் கூடையோடு மேலேறுவார்கள். யானைத்தடம் குறுக்கே போகிற வழி. இவர் முன்னால் நடப்பார், அவர்கள் பின்னால் வருவார்கள். யானையைச் சுடுவதற்கல்ல, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு விலக்குவதற்குத்தான். அந்த ஒரு வெடிக்கு அவர் காட்டிய மரியாதை இருக்கிறதே, எங்கள் கல்யாணத்துக்கு வந்த என் தாய்மாமாவுக்குக்கூட அவர் அத்தனை மரியாதை காட்டவில்லை.

ரைபிளைத் தோளில் மாட்டுகிற வார் முதலில் சாதாரணத் தோல்வார்தான், இரண்டு முனையிலும் பக்கிள் போட்டுக் கட்டியிருக்கும். ஏலக்காட்டுக்குள் நுழைந்தால் கிளையும் தட்டையும் வாரில் மாட்டி இழுக்கும். அவிழ்த்துவிட்டுக் கையில் பிடிக்கலாம் என்றால் பக்கிளைக் கழற்றி முடிப்பதற்குள் கிழங்கு தோண்ட வந்த காட்டுப்பன்றி மறு மலைக்குப் போய்விடும். பாறையில் ஏற இரண்டு கையும் வேண்டும், அப்போது மறுபடியும் கட்ட வேண்டும். ஒருநாள் மானேஜர் கொச்சிக்குப் போய்விட்டு வரும்போது, கப்பலேறி ஊருக்குப் போகிற வெள்ளைக்காரர் ஒருவர் விற்ற சாமான்களிலிருந்து ஒரு புது வார் வாங்கி வந்தார். அதன் இரண்டு முனையிலும் கொளுத்து இருந்தது.

அந்தக் கொளுத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அது சுண்டுவிரல் நீளமுள்ள இரும்பு வளையம். துப்பாக்கிக் கட்டையின் அடியில் மேலும் கீழுமாகத் துளை போட்ட சின்னக் காது ஒவ்வொன்று பதித்திருப்பார்கள். வளையத்தின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த முளை. முளையைக் கட்டைவிரலால் பின்னால் தள்ளினால் வளையம் வாய் திறக்கும். காதில் கொண்டுபோய் வைத்து விரலை எடுத்தால் முளை துளைக்குள் பாய்ந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்கும் அதே ஒரு தள்ளல்தான். கண்ணை மூடித் திறக்கும் நேரத்தில் வார் வரும், போகும். எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. என் ஜாக்கெட் கொக்கிகள் அவ்வளவு ஒழுங்காக மாட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "சட்டுனு மாட்டுதது சட்டுனு கழரும்" என்றார். கழரும் என்று சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாரை உத்தரத்தில் கட்டி, கொளுத்தில் எங்கள் அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டார். பதினைந்து நாள் அரிசி அந்தரத்தில் தொங்கியது. சோறு பொங்க அரிசி எடுக்க நான் முக்காலி போட்டு ஏறினேன். போகும்போதும் வரும்போதும் அவர் சாக்கை ஒரு தள்ளு தள்ளி ஆட்டிவிடுவார். இடையிடையே கொளுத்தைக் கழற்றி மழையில் போட்டார், சாம்பலில் புரட்டினார். பதினாறாம் நாள் சாக்கை இறக்கிவிட்டு, "கொள்ளாம், செஞ்சவன் வேலை தெரிஞ்சவன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு என் மீன்குழம்புக்குக்கூட வந்ததில்லை.

ஆனாலும் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வாரைப் பிடித்து மூன்று முறை சுண்டி இழுத்துப் பார்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகுதான் தோள். ஒரு நாளைக்கு இருபது தடவை மாட்டினால் அறுபது இழுப்பு. "முதல் இழுப்பிலேயே தெரியாதா?" என்று கேட்டாலும் எண்ணிக்கை குறையாது. கேலி செய்தேனே தவிர, அந்த மூன்று இழுப்பைப் பார்க்க எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. எதையும் அரைகுறையாக நம்பாத ஆள். நம்பிவிட்டால் பிறகு சந்தேகமே படாத ஆள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கார்த்திகை தாண்டியும் விடவில்லை. துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் டின் காலியாகிவிட்டது. மானேஜரிடம் சொன்னார். திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும், வரும் என்றார் மானேஜர். மார்கழி பிறந்தும் வரவில்லை. இவர் காய்ந்த துணியால் துடைத்துத் துடைத்துச் சமாளித்தார். கொளுத்தில் லேசாகத் துரு கட்டியது. முளையைத் தள்ளினால் நறநறவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் பல்வலிக்காரரைப் போலச் சுளிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுமதியம் அவர் ஓடையில் குளிக்கப் போனார். ரைபிள் சுவரில் இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், கோழி இறகு ஒன்றை எடுத்து, தேங்காயெண்ணெயில் முக்கி, இரண்டு கொளுத்துக்கும் நன்றாகப் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய், தையல் மிஷினுக்குத் தேங்காயெண்ணெய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிரங்குக்கும் தேங்காயெண்ணெய்தான். துப்பாக்கி மட்டும் என்ன மகாராஜாவா? முளையைத் தள்ளி விட்டேன். 'டக்.' என்ன அழகான சத்தம்! இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே தள்ளிப் பார்த்தேன். தொடக் கூடாது என்ற உத்தரவு எனக்கு நினைவிருந்தது. மனைவிக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் வாரை மாட்டும்போது நின்று பார்த்தேன். நறநறப்பில்லாமல் பாய்ந்து பூட்டியது. "இதென்ன, இன்னைக்கு வெண்ணெய் மாதிரி போகுது. வெயில்ல துரு இளகியிருக்கும்" என்று சந்தோஷப்பட்டார். எனக்குள் அப்படியொரு கர்வம். அவருக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு நல்லது செய்துவிட்ட கர்வம்.

திங்கட்கிழமை விடியற்காலையில் துப்பாக்கி விழுந்தது.

பின்னால் வந்த பெண்கள் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரியும். ஓடையைத் தாண்டியதும் ஒரு பாறை. அதன் அடியில் நின்று இவர் வாரை மாட்டினார். மூன்று முறை இழுத்துப் பார்த்ததையும் பெண்கள் பார்த்தார்கள். தோளில் போட்டுக்கொண்டு கைகளை ஊன்றிப் பாதிப் பாறை ஏறியபோது மேல் கொளுத்து கழன்றது. ரைபிள் பாறையில் மோதி, உருண்டு, பெண்களின் காலடியில் வந்து விழுந்தது. கூடைகளைப் போட்டுவிட்டு அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். தோட்டா போடாததால் உயிர் தப்பியது. கட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. இவர் இறங்கி வந்து அதை இரண்டு கையாலும் எடுத்து, நேராக ஆபீசுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

பதினொரு மணிக்கு விசாரணை. பள்ளிக்கூடத்துக்கு இடைவேளை விட்டுவிட்டு நானும் போய் ஆபீஸ் வாசலில் நின்றேன். நல்ல வெயில். மானேஜர் ரைபிளை வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தே எல்லோருக்கும் தெரிய கொளுத்தை மாட்டினார். 'டக்.' கழற்றினார், மாட்டினார். 'டக்.' முப்பது தடவையாவது மாட்டியிருப்பார். வாரைப் பிடித்துத் தொங்கவே செய்தார். கொளுத்து அசையவில்லை.

"கொளுத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை ஆளிடத்தில்தான். இல்லையா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஒழுங்கு பார்க்கிறவர், அவ்வளவுதான். ஆனால் பின்னாலிருந்த குமாஸ்தா ஒருவர், "ராத்திரி வாற்றுச் சாராயம் அடிச்சிட்டுக் காலையில கண்ணு தெரியாம மாட்டியிருப்பாரு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கணவர் பீடிகூடக் குடிக்காதவர்.

"சொல்லும். கொளுத்தைச் சரியாக மாட்டினீரா?" என்று கேட்டார் மானேஜர்.

இவர் சொன்னது ஒரே வரி. "எனக்க தோள்ல இருந்துதான் சார் விழுந்துது."

மூன்று முறை இழுத்துப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. எண்ணெய் டின் வரவில்லை என்று சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போகும்?

மானேஜர் யோசித்துவிட்டுச் சொன்னார். சனிக்கிழமைக்குள் காவல்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு இவர் கீழே இறங்கிவிட வேண்டும். டீச்சர்மேல் புகார் ஒன்றுமில்லை, விருப்பமிருந்தால் பள்ளிக்கூட அறையிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்று வீட்டில் நான் கத்தின கத்தல் அடுத்த லயத்துக் கூலிவீடுகளுக்குக் கேட்டிருக்கும். "நீங்க ஒழுங்கா மாட்டினது பெண்ணுங்க எல்லாம் பாத்திருக்காவ. ஏன் சொல்லல? குடிகாரன்னு பேரு வாங்கிட்டுப் போறதுக்கா ஒம்பது வருஷம் பட்டாளத்துல இருந்திய?" அவர் டிரங்குப் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "நீ இங்க இரு. நான் கீழ போயி எங்கயாவது வாச்சர் வேலை பாக்கேன். மாசத்துக்கு ஒருக்க ஏறி வருவேன்" என்றார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாசத்துக்கு ஒருக்க! எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் கிளாஸில் படிக்கிற ஒரு பெண்குழந்தை சிலேட்டை நீட்டிக்கொண்டே, "டீச்சர், உங்க வீட்டு மாமா குடிப்பாவளா?" என்று கேட்டது. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். நல்லவேளை, அடிக்கவில்லை.

புதன்கிழமை விடியற்காலை. அவர் துப்பாக்கி இல்லாத வெறுங்கையோடு ஓடைக்குப் போயிருந்தார். நான் தலைக்கு வைக்க எண்ணெய்க் குப்பியைச் சரித்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மார்கழியில் எந்த வீட்டில்தான் வரும்? உள்ளே வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. வழக்கம்போல அடுப்படியில் வைத்து இளக்கலாம் என்று நான்கு அடி நடந்தேன். ஐந்தாவது அடி வைக்க முடியவில்லை.

பிறந்த நாள் முதல் ஒவ்வொரு மார்கழியிலும் பார்க்கிற காட்சி. குப்பியில் உறைகிற எண்ணெய் கொளுத்துக்குள்ளும் உறையும் என்பது படித்த எனக்கு, ஒரு டீச்சருக்கு, தோன்றவில்லை. மத்தியான வெயிலில் இளகி ஓடுகிறது, விடியற்காலைக் குளிரில் மெழுகாகிறது. முளையைப் பின்னால் தள்ளினால் அது திரும்பிப் பாய வேண்டாமா? உறைந்த எண்ணெய் அதைப் பாதி வழியில் பிடித்து வைத்திருக்கும். இழுத்துப் பார்த்தால் நுனி தாங்கும். பாறையில் ஏறி உடம்பு திருகும்போது நழுவும். பதினொரு மணி வெயிலில் நூறு தடவை மாட்டினாலும் எதைக் கண்டுபிடிப்பது?

தலையை முடியாமல், கையில் குப்பியோடு மானேஜர் பங்களாவுக்கு ஓடினேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"சார், கொளுத்துக்குள்ள தேங்காயெண்ணெய் இருக்கு. வெயில் வர முன்ன இப்பவே மாட்டிப் பாருங்க" என்றேன். குப்பியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். போய்ப் பிறகு வா என்று சொல்லவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, ஆபீஸ் அறையைத் திறந்து ரைபிளை எடுத்து வந்தார். கொளுத்தின் முளையைத் தள்ளிக் காதில் வைத்து விரலை எடுத்தார். சத்தமே இல்லை. முளை சோம்பலாக நகர்ந்து பாதியில் நின்றது. வாரைப் பிடித்து இழுத்தார். தாங்கியது. மறுபடி, மறுபடி. தாங்கியது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு உடம்பைத் திருப்பி வாசல்படியில் இறங்கினார்.

இரண்டாவது படியில் கொளுத்து கழன்றது. ரைபிள் நழுவியது.

அது தரையைத் தொடவில்லை. நான் ஓடுவதைப் பார்த்து என் பின்னாலேயே வந்திருந்த என் கணவர் படிக்குக் கீழே நின்றிருந்தார். ஈரத்துண்டோடு பாய்ந்து இரண்டு கையிலும் பிடித்துவிட்டார்.

மானேஜர் கொளுத்தைக் கையில் மூடி ஊதி ஊதிச் சூடாக்கினார். முளை 'டக்' என்று பாய்ந்தது. "என்டம்மே" என்றார், சின்னப் பிள்ளையைப் போல. பிறகு அவர் முகம் மாறியது. "இதில் எண்ணெய் போட்டது யார்?"

"நான்தான் சார்" என்றேன்.

"உத்தரவு உங்களுக்குத் தெரியும் அல்லே, டீச்சரே?"

நான் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நான்தான் சார் போடச் சொன்னேன். கைவேலையா இருந்தேன்."

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மானேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது. ஆபீஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து, ஆயுதத்தை மற்றொருவர் கையாள விட்டது காவல்காரரின் பிழை என்று எழுதினார். இவர் கையெழுத்துப் போட்டார். வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்றார் மானேஜர். "இந்தக் கொளுத்து இனி வேண்டாம், பழைய பக்கிளே போட்டுக்கொள்ளும்" என்றும் சொன்னார்.

"கொளுத்தே இருக்கட்டும் சார். அதுக்க மேல தப்பில்ல. மண்ணெண்ணெயில கழுவினா போதும்" என்றார் இவர். அங்கேயே ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் வாங்கிக் கழுவி, உதறி, குளிரில் பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்த்த பிறகுதான் எழுந்தார்.

திரும்பி வரும் வழியில், கிராம்பு மரங்களுக்கு நடுவே வந்ததும், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க எப்ப எண்ணெய் போடச் சொன்னிய?"

"சொல்லல."

"பின்ன, நான்தான் போட்டேன்னு இப்பத்தானே தெரியும் உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பாறையில எடுக்கும்போதே பாத்தேன். முளையைச் சுத்தி வெள்ளையா ஒறஞ்சு கெடந்துது. நம்ம வீட்ல கோழி எறகும் எண்ணெயுமா நடக்கது வேற ஆரு? தொடச்சிட்டுத்தான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன்."

இரண்டு நாள். ஊரே சிரித்தபோது, நான் கத்தியபோது, துணியை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தபோது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

"குடிகாரன்னு சொன்னாவளே. அப்பவாவது சொல்லப்பிடாதா?" என்றேன்.

"நான் எங்க போனாலும் காவல்காரன்தான், ஏட்டி" என்றார். "நீ நாளைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால நிக்கணும்லா."

நான் அங்கேயே வழியில் உட்கார்ந்து அழுதேன். அவர் ரைபிளைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்க நேரமாகிவிட்டது என்றார்.